பேருந்துப் பயணிகளுக்குத் தகவல்: செயலிக்கும் எல்இடி பலகைக்கும் முன் செய்ய வேண்டியவை

கேள்வியின் சுருக்கம் இது: சுமார் 60 பேருந்துகளும், சாலையின் இரு பக்கக் கம்பங்களையும் தனித்தனியே எண்ணினால் 400 நிறுத்தங்களும் உள்ள ஒரு நகரப் பேருந்துச் சேவை. எந்த வண்டி எப்போது வரும் என்று தெரிவதில்லை என்பது பயணிகளின் நிரந்தரப் புகார். ஒரு நிறுவனம் செயலி செய்து தருகிறேன் என்கிறது. இன்னொன்று நிறுத்தங்களில் எல்இடி பலகை வைக்கலாம் என்கிறது. இருக்கிற பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். எதைத் தேர்ந்தெடுப்பது?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். செயலியும் பலகையும் காட்டும் கருவிகள் மட்டுமே. காட்டுவதற்குச் சரியான தகவல் கையில் இல்லையென்றால், தவறான தகவலை இன்னும் பளிச்சென்று காட்டும், அவ்வளவுதான். எந்தத் தகவலும் இல்லாத நிறுத்தத்தில் நிற்பவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுச் சமாளித்துக்கொள்வார். '3 நிமிடம்' என்று பலகை சொல்லி, 20 நிமிடம் வண்டி வராமல் நின்றவர், அடுத்த வாரம் அதே பலகை உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார். இந்த நம்பிக்கை ஒருமுறை போனால் திரும்பப் பெற நெடுநாள் ஆகும். ஆகவே நிறுத்தப் பதிவேடு, கம்பத்தில் ஒட்டும் தாள், வண்டியின் முகப்புப் போர்டு, வண்டிக்குள் அறிவிப்பு, தரவு வெளியீடு, கடைசியாக நேரலை (வண்டி இப்போது எங்கே, எத்தனை நிமிடத்தில் வரும் என்ற தகவல்) என்ற வரிசையில் போங்கள். இவை அனைத்தையும் புதுப்பித்துக்கொண்டே இருக்கச் சம்பளத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பயணிக்கு எல்லாத் தகவலும் எல்லா நேரமும் தேவைப்படுவதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் முன் எந்தத் தடம், முதல் வண்டி எப்போது, கடைசி வண்டி எப்போது என்று தெரிந்தால் போதும். நிறுத்தத்துக்கு வந்ததும் கேள்வி மாறுகிறது: நான் நிற்பது சரியான பக்கமா, வண்டி இனிமேல்தான் வருமா, போய்விட்டதா? தூரத்தில் வண்டி தெரியும்போது, இது என் வண்டியா என்பது மட்டும்தான். ஏறிய பிறகு, எங்கே இறங்க வேண்டும். ஏதாவது பிசகினால், காத்திருக்கலாமா, வேறு வழி பார்க்கலாமா. அந்தந்தக் கேள்வி எழும் இடத்திலேயே பதில் இருக்க வேண்டும். இணையதளத்தில் அழகான தட வரைபடம் இருப்பது, மழையில் கம்பத்தடியில் நிற்பவருக்கு உதவாது.

முதல் வேலை நிறுத்தப் பதிவேடு. பல சேவைகளிடம் இருப்பது வெறும் பெயர்ப் பட்டியல்: 'மருத்துவமனை', 'கல்லூரி', 'சந்தை' என்று இடத்துக்கு ஒரு வரி. நிஜத்தில் மருத்துவமனை எதிரே சாலையின் இரு பக்கமும் இரண்டு கம்பங்கள் நிற்கும். நாற்சந்தி என்றால் நான்கைந்துகூட இருக்கும். பதிவேட்டில் ஒவ்வொரு கம்பமும் தனி வரியாக வர வேண்டும். அதற்கு மாறாத ஓர் எண், பெயர், எந்தத் திசையில் போகும் வண்டிகள் அங்கே நிற்கும், அட்சரேகை, தீர்க்கரேகை, நிற்கும் தடங்கள், நிழற்குடை உண்டா, தாள் மாட்டும் சட்டம் உண்டா, கடைசியாக யார் எந்த நாளில் பார்த்தார்கள் என்பவை இருக்க வேண்டும். பிரிட்டனின் தேசிய நிறுத்தப் பதிவேடான நாப்டான் இப்படிக் கம்பம் கம்பமாகத்தான் எண் கொடுக்கிறது. ஒரே பெயருள்ள நிறுத்தங்களை 'எதிரே', 'அருகே', 'நிறுத்தம் பி' போன்ற குறிப்புகளால் பிரிக்கிறது.

இருப்பிடத்தைக் குறிக்கும்போது தசமப் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் வையுங்கள். அட்சரேகையில் ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய 1 மீட்டர். நான்காவது இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு படி என்பது 11 மீட்டர். அது போதும், நிறுத்தம் சாலையின் மறுபக்கம் தாவிவிடும். வரைபடச் செயலி பயணியை எதிர்ப்பக்கக் கம்பத்துக்கு அனுப்பும், அவர் கண்முன்னே அவருடைய வண்டி போய்விடும். ஓடும் வண்டியில் உட்கார்ந்தபடி இடத்தைப் பதியக் கூடாது. கம்பத்தடியில் போய் நின்று, கைபேசியின் இருப்பிடம் நிலைகொள்ள அரை நிமிடம் பொறுத்துப் பதிந்து, பிறகு செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். 400 கம்பங்கள் என்பது இரண்டு பேருக்கு இரண்டு மூன்று வார வேலை. இதை வெளியாளிடம் கொடுப்பதைவிடத் தடங்களை நன்றாக அறிந்த ஊழியர்களிடம் கொடுப்பது நல்லது. இல்லாத நிறுத்தத்தில் வண்டி நிற்பதும், இருக்கிற நிறுத்தத்தில் நிற்காமல் போவதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

பெயர் வைப்பதில் ஒரே விதி: நாளைக்கும் அங்கே இருக்கப்போவதன் பெயரை வையுங்கள். கடைப்பெயர் வேண்டாம். அதே சமயம், மக்கள் வாயில் ஒரு பெயரும் அலுவலகக் காகிதத்தில் வேறொரு பெயரும் இருந்தால் மக்கள் சொல்வதையே எடுங்கள். கம்பம், வண்டிக்குள் அறிவிப்பு, இணையதளம் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்க வேண்டும். 'மேற்குச் சந்தை' என்று ஓரிடத்திலும் 'சந்தை மேற்கு' என்று இன்னோரிடத்திலும் இருந்தால் உள்ளூர்க்காரருக்குப் புரியும், புதியவர் இரண்டு இடம் என்று நினைப்பார்.

அடுத்து, கம்பத்தில் ஒட்டும் தாள். செலவு மிகக் குறைவு, பயன் மிக அதிகம். ஆனால் எந்த நிறுவனமும் இதை விற்க வருவதில்லை என்பதால் யாரும் பேசுவதில்லை. தாளின் உச்சியில் நிறுத்தத்தின் பெயரும் எண்ணும், அதன் கீழே 'எதை நோக்கி' என்ற வரி. பிறகு இங்கே நிற்கும் தட எண்கள், ஒவ்வொன்றும் சேரும் இடம், வழியில் வரும் மூன்று நான்கு முக்கிய இடங்கள், முதல் வண்டி, கடைசி வண்டி, இடைவெளி. 10, 12 நிமிடத்துக்குள் ஒரு வண்டி வருமானால் மக்கள் நேரம் பார்க்காமல் வந்து நிற்பார்கள். அந்தத் தடங்களுக்கு '8 முதல் 10 நிமிடத்துக்கு ஒன்று' என்று எழுதினால் போதும். இடைவெளி அதைவிடக் கூடினால் நேரம் பார்த்துத்தான் கிளம்புவார்கள். அங்கே ஒவ்வொரு நடைக்கும், அதாவது வண்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் ஒவ்வொரு முறைக்கும், மணி, நிமிடம் போட வேண்டும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, புறப்படும் நிலையத்தின் நேரத்தை எல்லாக் கம்பத்திலும் ஒட்டுவது. பதினெட்டாவது நிறுத்தத்தில் நிற்பவருக்கு முதல் நிறுத்தத்தில் 7.10-க்குக் கிளம்பும் என்பது எந்த வகையில் உதவும்? அவர் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கிறது, அந்தக் கணக்கு காலையில் ஒன்று, மாலை நெரிசலில் ஒன்று. ஒவ்வொரு கம்பத்துக்கும் அந்தக் கம்பத்தின் நேரமே வேண்டும். நிறுத்தப் பதிவேடும் நடைகளின் பட்டியலும் ஒழுங்காக இருந்தால், 400 தாளையும் ஒரே நிரலால் அச்சுக்கு அனுப்பிவிடலாம். கையால் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தால் மூன்றாவது மாதத்திலேயே கைவிட்டுவிடுவீர்கள். நேரம் போடும்போது, இடை நிறுத்தங்களில் குறித்த நேரத்துக்கு முன்னதாக வண்டி கிளம்பக் கூடாது என்ற கட்டுப்பாடும் கூடவே வர வேண்டும். 5 நிமிடம் தாமதமான வண்டிக்கு ஆள் காத்திருப்பார். 2 நிமிடம் முன்னதாகப் போன வண்டியால் அவர் இழப்பது ஒரு முழு இடைவெளி.

தாளின் அடியில் 'இந்த நாள் முதல்' என்று தேதி கட்டாயம். தேதியில்லாத கால அட்டவணையைப் பயணிகள் பழையதென்றே எடுத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் அவர்கள் நினைப்பது சரியாகவே இருக்கும்.

பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டு இங்க்ஜெட் அச்சு வெயிலில் சில வாரங்களிலேயே வெளுத்துவிடும், அதிலும் சிவப்பு முதலில் போகும். கடைசி வண்டியை எடுப்பாகக் காட்டச் சிவப்பில் அச்சிட்டால், மூன்று மாதத்தில் காணாமல் போவது அந்த வரிதான். லேசர் அச்சு, வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து நிற்கும். லேமினேஷன் செய்தால் விளிம்பில் குறைந்தது 5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஓரம் விடுங்கள், இல்லையென்றால் நீர் உள்ளே இறங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். தாளைச் சட்டத்துக்குள் வைப்பதானால் சட்டத்தின் அடியில் நீர் வடிய இரண்டு துளை வேண்டும். தாளின் முக்கியப் பகுதி தரையிலிருந்து 90 சென்டிமீட்டருக்கும் 170 சென்டிமீட்டருக்கும் நடுவே வரட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரும் நிற்பவரும் படிக்கலாம். எழுத்தின் உயரத்துக்கு, படிக்கும் தூரத்தை 100-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 1 மீட்டரிலிருந்து படிக்க 1 சென்டிமீட்டர். இது பார்வை மங்கியவர்களையும் கணக்கில் எடுத்த தாராளமான அளவு. நேர வரிகளுக்கு அவ்வளவு இடம் கிடைக்காது, தட எண்ணுக்கும் நிறுத்தப் பெயருக்கும் கிடைக்கும்.

கியூஆர் குறியீடு ஒட்டுவதென்றால் ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். 30 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர். அது உங்கள் சொந்த இணைய முகவரிக்கே போகட்டும். இலவசச் சுருக்க முகவரிச் சேவை நின்றுபோனால் 400 கம்பத்தையும் மீண்டும் சுற்ற வேண்டும். பக்கத்திலேயே நிறுத்த எண்ணையும் பெரிதாக அச்சிடுங்கள்: கேமரா இல்லாதவர் எஸ்எம்எஸ் அனுப்பலாம், புகார் சொல்பவர் அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

வரைபடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு நகரத் தடங்களையும் ஒரே படத்தில் திணிப்பதைவிட, 'இந்த இடத்திலிருந்து எங்கெல்லாம் போகலாம்' என்று காட்டும் சிலந்தி வரைபடம் பயணிக்குப் பயன்படும். லண்டனில் பேருந்து நிறுத்தங்களில் அதைப் பார்க்கலாம். முக்கியமான பத்து இருபது சந்திப்புகளுக்கு மட்டும் செய்தால் போதும்.

இனி வண்டி. முகப்புப் போர்டில் தட எண்தான் ராஜா. மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிட்டனின் அணுகல் விதிகள் நகரப் பேருந்தின் முன்னும் பின்னும் தட எண்ணுக்குக் குறைந்தது 200 மில்லிமீட்டர் உயரம் கேட்கின்றன, பக்கவாட்டில் 70. சேருமிடத்தின் பெயர் முன்னால் 125, பக்கத்தில் 70. மேலே சொன்ன 100-ஆல் வகுக்கும் கணக்கில், 200 மில்லிமீட்டர் எண் 20 மீட்டரில் நிதானமாகப் படிக்கக் கிடைக்கும். பார்வை நன்றாக உள்ளவருக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

போர்டில் எழுத்தை ஓடவிடாதீர்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் நகர்கிறது. ஓடும் எழுத்து ஒரு சுற்று முடிய 6 நொடி ஆனால், சேருமிடத்தின் பெயர் முழுதாகத் தெரிவதற்குள் வண்டி 50 மீட்டர் வந்துவிடும், கைகாட்ட நேரமிருக்காது. எண் எப்போதும் நிலையாக நிற்கட்டும். வழி சொல்ல வேண்டுமானால் சேருமிடம், வழி என்று இரண்டே பக்கம், பக்கத்துக்கு 2, 3 நொடி.

தமிழ் எழுத்தைக் காட்டும் எல்இடி போர்டு வாங்கும்போது புள்ளி வரிசைகளை எண்ணிப் பாருங்கள். 7 வரிசைப் போர்டு ஆங்கிலப் பெரிய எழுத்துக்காக அமைந்தது. அதில் 'கீ'யின் விசிறியும் 'மு'வின் அடிச்சுழியும் ஒன்றோடொன்று நசுங்கும். 16 வரிசைக்குக் குறைந்து எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். இன்னொரு கோளாறு, மலிவான கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு எழுத்துச் சேர்க்கை தெரியாது. 'கொ'வின் கொம்பையும் காலையும் தத்தம் இடத்தில் சேர்க்காமல் பிய்த்துப் போட்டுவிடும். பெயரை எழுத்தாக அனுப்பாமல், கணினியில் சரியாக வரைந்து புள்ளிப் படமாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. சரக்கை ஏற்கும் முன், உங்கள் தடங்களின் பெயர்கள் அத்தனையையும் போர்டில் ஓடவிட்டுத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை 20 மீட்டரில் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். போர்டை ஒரு கைபேசிக் கேமரா வழியாகவும் பாருங்கள். புதுப்பிப்பு வேகம் குறைந்த போர்டு கேமராவில் பாதி அணைந்து தெரியும்; பார்வைக் குறையுள்ள பலர் கேமராவில் பெரிதாக்கித்தான் வண்டி எண்ணைப் படிக்கிறார்கள்.

கடைசி நிறுத்தத்தில் திரும்பும்போது போர்டை மாற்ற மறப்பதுதான் தினசரிப் பிழை. ஓட்டுநர் நடையைத் தேர்ந்தெடுத்ததும் போர்டு தானே மாறும்படி இணைத்துவிடுங்கள். இணைக்க முடியாத பழைய வண்டியில், இரு முனைகளின் பெயரையும் நடுவே ஒரு கோட்டோடு நிரந்தரமாகப் போடுவது தவறான திசையைக் காட்டுவதைவிட மேல்.

வண்டிக்குள் நிறுத்த அறிவிப்பை ஏதோ வசதியாக நினைக்கிறார்கள். பார்வையற்றவருக்கும் ஊருக்குப் புதியவருக்கும் அதுதான் பயணமே. அமெரிக்காவில் 1990-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், மாறிச் செல்லும் இடங்கள், பெரிய சந்திப்புகள், முக்கிய இடங்கள் இவற்றை அறிவிக்கக் கட்டாயப்படுத்துகின்றன. பயணி கேட்டால் எந்த நிறுத்தத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2023-ல் வந்த விதிகள் ஒலியாகவும் எழுத்தாகவும் இரண்டிலும் கேட்கின்றன. நடைமுறையில் நிறுத்தத்துக்கு இரண்டு அறிவிப்பு போதும்: கிளம்பியதும் 'அடுத்தது இன்னது', வந்து சேர 150, 200 மீட்டர் இருக்கும்போது மீண்டும் பெயர் மட்டும். நிறுத்தத்தில் நின்ற பிறகு சொல்வதால் பயனில்லை. எழுந்து வாசலுக்கு வரவே நேரமாகும்.

அறிவிப்பு எப்படிக் கெடுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் 'ஒன்று தள்ளிப்' போவதுதான். சில கருவிகள் கதவு திறப்பதை வைத்து அடுத்த பெயருக்கு நகரும். யாரும் ஏறாத நிறுத்தத்தில் கதவு திறக்கவில்லையென்றால் அங்கிருந்து கடைசிவரை எல்லாப் பெயரும் ஒன்று பின்தங்கும். நிறுத்தத்தைச் சுற்றிப் போட்ட ஜிபிஎஸ் வட்டத்தை மட்டும் நம்பினால், போன சாலையிலேயே திரும்பி வரும் தடத்தில் எதிர்ப்பக்க நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இருப்பிடம் பத்து முப்பது மீட்டர் அலையும். எனவே வரிசை, இருப்பிடம், போகும் திசை மூன்றும் சேர்ந்து பொருந்தினால் மட்டும் பேச வேண்டும். பொருந்தவில்லையென்றால் கருவி வாயை மூடிக்கொள்ள வேண்டும். அப்போது நடத்துநரோ ஓட்டுநரோ சொல்வதற்கு மைக் இருக்கட்டும். ஒலிபெருக்கி ஒன்றைப் பெரிதாக வைத்தால் அதன் அடியில் இருப்பவருக்குக் காது வலிக்கும், கடைசி இருக்கைக்குக் கேட்காது. சிறியதாக நான்கைந்து வையுங்கள். பல தடங்கள் நிற்கும் நிறுத்தத்தில், கதவு திறக்கும்போது வெளியே நிற்பவருக்கும் கேட்குமாறு தட எண்ணைச் சொல்லும் ஒலிபெருக்கி ஒன்று வாசலருகே வேண்டும்.

தரவு வெளியீட்டுக்கு வருவோம். செயலி வேண்டாம் என்றதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. பயணியின் கைபேசியில் ஏற்கெனவே ஒரு வரைபடச் செயலி உண்டு. உங்கள் கால அட்டவணையை ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில் வெளியிட்டால் அந்தச் செயலிகளே அதை எடுத்துக்காட்டும். 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் டிரைமெட் என்ற போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய வடிவம் இது. இன்று உலகெங்கும் அதுவே நடைமுறை. உள்ளே இருப்பவை சாதாரண எழுத்துக் கோப்புகள்தான்: நிறுத்தங்கள், தடங்கள், நடைகள், ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு நிறுத்தத்தில் நிற்கும் நேரம், எந்தெந்த நாளில் ஓடும் என்ற நாட்காட்டி. எல்லாவற்றையும் ஒரு ஜிப் கோப்பாகக் கட்டி, மாறாத ஒரே இணைய முகவரியில் வைக்க வேண்டும்.

அதை உருவாக்குவோர் திரும்பத் திரும்ப விழும் குழி, கோப்பை விரிதாள் மென்பொருளில் திறந்து சேமிப்பது. '0457' என்ற நிறுத்த எண்ணின் முன் சுழியம் உதிர்ந்து 457 ஆகிவிடும். நள்ளிரவைத் தாண்டும் நடைக்கு இந்த வடிவத்தில் 25:10:00 என்று எழுத வேண்டும், முந்தைய நாள் சேவையின் தொடர்ச்சி என்பதற்காக. விரிதாள் அதை 1:10:00 ஆக்கிவிடக்கூடும், அப்போது கடைசி வண்டி அதிகாலை வண்டியாகிவிடும். தமிழ்ப் பெயர்கள் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் சேமிக்கப்படாவிட்டால் வெறும் கேள்விக்குறிகளாகும். மூலத் தரவை ஒரு தரவுத்தளத்தில் வைத்து, கோப்புகளை நிரல் வழியாகவே எழுதுங்கள். வெளியிடும் முன் இலவசமாகக் கிடைக்கும் ஜிடிஎஃப்எஸ் சோதனைக் கருவியில் போட்டுப் பாருங்கள். நாட்காட்டியின் முடிவுத் தேதியைக் கவனியுங்கள். அது கடந்த மறுநாள் உங்கள் சேவை முழுவதும் எல்லா வரைபடத்திலிருந்தும் மறைந்துவிடும். எப்போதும் குறைந்தது அடுத்த 30 நாளுக்குச் செல்லுபடியாகும் தரவு வெளியே இருக்கட்டும். நிறுத்த எண்களை ஒவ்வொரு வெளியீட்டிலும் புதிதாக உருவாக்காதீர்கள். பயணி சேமித்து வைத்த நிறுத்தமும், கம்பத்தில் ஒட்டிய கியூஆரும் அதோடு செத்துவிடும்.

இவ்வளவும் நிலைபெற்றபின் நேரலை. இதன் பயன் உண்மையானது. லண்டன் 1992-லேயே, வண்டி வர எத்தனை நிமிடம் என்று காட்டும் கவுண்ட்டவுன் பலகைகளை ஒரு தடத்தில் சோதித்துப் பார்த்துத் தொடங்கியது. அமெரிக்காவின் சியாட்டிலில், நேரலைத் தகவல் தரும் ஒன்பஸ்அவே சேவையை வைத்துச் செய்து 2011-ல் வெளியான ஆய்வில், நேரலைத் தகவல் இல்லாதவர்கள் தாங்கள் காத்திருந்த நேரத்தை உள்ளதைவிட அதிகமாக உணர்ந்தார்கள். தகவல் உள்ளவர்களிடம் அந்த மிகையுணர்வு இல்லை.

கருவிப் பகுதி எளிது. வண்டியில் ஜிபிஎஸ், சிம் கார்டு, 10 நொடிக்கு ஒருமுறை இருப்பிடம். 30 நொடி இடைவெளி என்றால் 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு புள்ளிக்கு நடுவே வண்டி 250 மீட்டர் நகர்ந்துவிடும். நெருக்கமான நிறுத்தங்களுக்கு அது போதாது. கடினமான பகுதி, இந்த வண்டி இப்போது எந்த நடையை ஓட்டுகிறது என்று சர்வருக்குத் தெரிவது. காலையில் பணிமனையில் ஒரு வண்டி பழுதாகி வேறு வண்டி போகும். அந்த மாற்றத்தைக் கணினியில் யாரும் போடமாட்டார்கள். பழுதான வண்டி பணிமனையில் நிற்க, அதன் நடை பலகையில் '5 நிமிடம்', '4 நிமிடம்' என்று இறங்கிக்கொண்டே வந்து, பூஜ்யமாகி, மறைந்துவிடும். பயணிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பேய் பஸ்.

அதை ஒழிக்க மூன்று காரியம். வண்டியை நடையோடு சேர்ப்பது ஓட்டுநர் கிளம்பும்போது செய்யும் கட்டாய வேலையாகட்டும்: டிக்கெட் கருவியில் நடை எண் போட்டால்தான் டிக்கெட் அச்சாகும் என்று வைத்தால் யாரும் மறக்கமாட்டார்கள். அடுத்து, ரத்தான நடையை ரத்து என்று பதியும் பொறுப்பு பணிமனையில் ஒரு குறிப்பிட்ட பணிக்கு, அந்த ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு இருக்கட்டும். மூன்றாவதாக, இருப்பிடம் வராத நடையை நேரலை போலக் காட்டாதீர்கள். நேரலை என்றால் '6 நிமிடம்', அட்டவணைக் கணக்கு மட்டும் என்றால் '8.40' என்று மணியில். இந்த ஒரு வேறுபாட்டைப் பயணிகள் சில நாளிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் கருவி புள்ளிகளைச் சேமித்து வைத்து, பிறகு மொத்தமாக அனுப்பும். சர்வர் அவற்றை வந்து சேர்ந்த நேரத்தை வைத்து எடுத்துக்கொண்டால் வண்டி வரைபடத்தில் பின்னோக்கி ஓடும். கருவி பதிந்த நேரத்தைப் பாருங்கள், 2 நிமிடத்துக்கு மேல் பழையதை வருகை நேரக் கணிப்புக்கு எடுக்காதீர்கள். புறப்படும் நிலையத்தில் ஓய்வில் நிற்கும் வண்டிக்குக் கணிப்பு எப்போதும் மோசமாகத்தான் இருக்கும்; அங்கே அட்டவணை நேரத்தையே காட்டுங்கள்.

கணிப்பின் தரத்தை அளக்கும்போது சராசரிப் பிழையைப் பார்த்து ஏமாற வேண்டாம். சொன்னதைவிட 2 நிமிடம் தாமதமாக வந்தால் பயணி 2 நிமிடம் இழக்கிறார். 2 நிமிடம் முன்னதாக வந்தால் வண்டியையே இழக்கிறார். ஆகவே கணிப்பு கொஞ்சம் முன்கூட்டியே சொல்லும் பக்கம் சாய்ந்திருக்கட்டும். '5 நிமிடம்' என்று காட்டியவற்றில் எத்தனை 4-க்கும் 7-க்கும் நடுவே வந்தன என்று தனியாக எண்ணுங்கள். '15 நிமிடம்' என்றவற்றுக்கு எல்லை இன்னும் அகலமாக இருக்கலாம். வாரம் ஒருமுறை பார்த்தால் எந்தத் தடம், எந்த வண்டி கெடுக்கிறது என்று தெரிந்துவிடும். பல நேரம் கணிப்பு முறையில் குறையிருக்காது, ஒரு வண்டியின் ஆன்டெனா கழன்றிருக்கும்.

எல்இடி பலகைக்கு இப்போது இடம் உண்டு, ஆனால் எல்லா நிறுத்தத்துக்கும் இல்லை. ஏறுபவர் அதிகம், தடங்கள் பல, இடைவெளி சீரில்லாதது என்ற மூன்றும் பொருந்தும் இடங்களில் மட்டும் வையுங்கள். மற்றவற்றுக்கு நிறுத்த எண்ணைப் போட்டால் திறக்கும் ஓர் எளிய வலைப்பக்கம் போதும். இருப்பிட அனுமதி கேட்காமல், விளம்பரம் இல்லாமல், மெதுவான இணைப்பிலும் 2, 3 நொடியில் திறக்க வேண்டும்.

இடையூறு நேரும்போது வரும் அறிவிப்புகள்தான் தரத்தைக் காட்டிக்கொடுக்கும். 'தவிர்க்க முடியாத காரணங்களால் சில தடங்களில் மாற்றம் செய்யப்பட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.' இந்த வாக்கியத்தில் பயணிக்கு வேண்டிய ஒரு சொல்கூட இல்லை. எழுத வேண்டியது இப்படி: 'தடம் 14, 22: பாலம் மூடல். இன்று இரவு 9 வரை பழைய சந்தை, ஆற்றங்கரை நிறுத்தங்களில் நிற்காது. அங்கே நிற்பவர்கள் வடக்கு வாசல் நிறுத்தத்துக்கு வரவும், 5 நிமிட நடை.' தட எண் முதலில்; எந்த நிறுத்தம், எதுவரை, என்ன செய்ய வேண்டும். காரணம் இரண்டு சொல்லில். எப்போது சரியாகும் என்று தெரியாவிட்டால், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், சொன்ன மணிக்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் அதையே சொல்லுங்கள். இதை வெளியிடும் அதிகாரம் கட்டுப்பாட்டு அறையில் அப்போது பணியில் இருப்பவரிடமே இருக்க வேண்டும். மேலதிகாரி பார்த்துச் சரி சொல்லும் வரை காத்திருந்தால் பாலம் திறந்துவிடும். முன்பே தெரிந்த வேலைகளுக்கு 7 நாள் முன்னதாகக் கம்பத்தில் ஒட்டுங்கள், முடிந்த மறுநாள் கிழித்தெடுக்க ஆளைக் குறித்துவிடுங்கள். மூடிய நிறுத்தத்தின் பெயர்ப் பலகையை உறை போட்டு மறையுங்கள். அடியில் ஒட்டிய தாளை யாரும் படிக்கமாட்டார்கள், பலகையைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார்கள்.

கடைசியாக, புதுப்பித்தல். ஒரு தடத்தின் நேரம் மாறினால் கம்பத் தாள், வலைப்பக்கம், ஜிடிஎஃப்எஸ், முகப்புப் போர்டின் கோப்பு, ஒலிக் கோப்பு, விசாரணை மேசையின் பட்டியல் அனைத்தும் மாற வேண்டும். நினைத்த வாரமெல்லாம் நேரத்தை மாற்றினால் இதை யாராலும் செய்ய முடியாது. மாற்றங்களைச் சேர்த்துவைத்து ஆண்டுக்கு நான்கு தேதிகளில் மட்டும் செய்யுங்கள். இருவர் குழு ஒரு நாளில் 40 கம்பம் முடிக்கலாம் என்று வைத்துக்கொண்டால் 400-க்கு 10 நாள். அதனால் புதிய தாளைப் பழையதன் பக்கத்திலேயே, 'இந்தத் தேதி முதல்' என்று கொட்டை எழுத்தில், முன்கூட்டியே மாட்டிவிட வேண்டும். பழையதை மாற்றத் தேதிக்குப் பின் எடுக்கலாம். ஒலிக் கோப்பும் போர்டுக் கோப்பும் வண்டிக்கு வண்டி பென்டிரைவில் ஏற்றும் வகையாக இருந்தால், பணிமனைக்கு வராமல் வெளியே தங்கும் வண்டிகள் எவை என்று முதலில் பட்டியல் எடுங்கள். பழைய கோப்போடு ஓடிக்கொண்டிருப்பவை அவைதான்.

முதல் 20 கம்பங்களுக்குத் தாள் தயாரானதும் மீதியை அச்சிடாமல் நிறுத்திவைத்து, அந்தப் பகுதிக்குப் புதியவர்கள் ஐந்து பேரைக் கூப்பிடுங்கள்; ஒருவராவது வயதானவர், ஒருவராவது பார்வை மங்கியவர். கம்பத்தடியில் நிறுத்தி, 'இங்கிருந்து ஆற்றங்கரைக்குப் போக வேண்டும், ஞாயிறு இரவு 9 மணி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். விரல் தாளில் எங்கே போய் நிற்கிறது, எந்த வரியில் இரண்டாம் முறை படிக்கிறார்கள், எங்கே உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தில் இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் தாளைத் திருத்தி, வேறு ஐந்து பேரிடம் காட்டிவிட்டு, அதன் பிறகு மீதி 380-ஐ அச்சுக்கு அனுப்புங்கள்.